பின்னற் சதுரங்களும் முளைப்பலகையும்

(எமது சங்க மகளிர் பிரிவின் கைவேலை வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை. பேச்சு வழக்கு கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குத் தந்த தலைப்பு "குறோசே சதுரங்களை ஒழுங்குபடுத்தல்". கேட்க ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத்தில் வாற பாடம் மாதிரி இருக்கு. ஆனால் இதுக்குப் பின்னால் ஒரு பிரச்சினை இருக்கெண்டது இங்கை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை மூடி வைச்சுக்கொண்டு கதைக்க எனக்கு விருப்பமில்லை.

முதியோர் ஒன்றுகூடலுக்குச் சக்கர நாற்காலியில் வாற எங்கடை பெரியவர்களுக்கு, மடியில் போட ஆறு போர்வை பின்னிக் குடுக்கிறதெண்டு தீர்மானிச்சம். ஒரு போர்வைக்கு 42 சதுரம். குறுக்கே 6, நெடுக 7. சதுரம் ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் எண்டால் போர்வை 90க்கு 105 வரும். ஆளாளுக்கு வீட்டில் இருந்து பின்னிக் கொண்டுவாறது, இங்கை வைச்சுப் பொருத்திறது, இதுதான் ஏற்பாடு. முதற் போர்வைக்கு 57 சதுரங்கள் வந்து சேர்ந்தன. எல்லாரும் ஒரே கடுதாசியைப் பார்த்து, 4 மில்லிமீற்றர் ஊசியால், ஒரே பருமன் நூலில், ஆறு சுற்றுப் பின்னினதுதான். அளந்து பார்த்தால் ஆகச் சின்னன் 12½ சென்ரிமீற்றர், ஆகப் பெரிசு 16.

போன கூட்டத்தில் ரெண்டு கருத்து வந்துது. வடிவாய்ப் பின்னுற நாலைஞ்சு பேர் மட்டும் பின்னட்டும், மற்றதுகளை விட்டுவிடுவம் எண்டு ஒரு பகுதி. அன்பாய்க் கொண்டுவந்து தந்ததை என்னெண்டு திருப்பிக் குடுக்கிறது எண்டு மற்றப் பகுதி. இந்தக் கதை நடந்துகொண்டிருக்கேக்கை, எண்பது வயது தாண்டின ஒரு அம்மா, தான் தந்த ஒன்பது சதுரமும் மேசையின் ஒரு மூலையில் தனியாய் ஒதுக்கி வைச்சிருக்கிறதைக் கண்டா. ஒண்டும் பேசேல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போட்டா. அதுக்குப் பிறகு வகுப்புக்கும் வரேல்லை.

அந்த ஒன்பதையும் நான் வீட்டை கொண்டுபோய் அளவு நாடா வைச்சுப் பார்த்தன். ஒன்பதும் 13 சென்ரிமீற்றர். ஒரு நூலளவு வித்தியாசமில்லை. வடிவாய்ப் பின்னுறம் எண்டு சொல்லுற எங்கள் கன பேருடைய சதுரங்களில் அந்த ஒழுங்கு இல்லை, என்னுடையதிலும் இல்லை. அந்த அம்மாவின் கை இறுக்கமான கை, அவ்வளவுதான். ஆகவே, கூடாத சதுரம் நல்ல சதுரம் எண்டு பிரிக்கிறதுக்கு முதல், எது ஏன் அந்த அளவில் வந்தது எண்டு பார்க்க வேணும் எண்டதுதான் என் கட்சி.

சதுரம் அளவு மாறுவதற்கு மூன்று காரணங்களை இந்த 57இலும் கண்டேன். ஒன்று கை. நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறவர்களுக்கு இறுகி வரும், சும்மா ஓடவிடுகிறவர்களுக்கு இளகி வரும். கையெழுத்து மாதிரித்தான். மாத்து எண்டு சொன்னால் மாறாது. சொல்லிச் சொல்லிப் பின்னவைத்தால் ஆறு சுற்றில் மூன்று இறுக்கமாயும் மூன்று இளக்கமாயும் வரும், அது இன்னும் மோசம்.

மற்றது எங்கடை இளம் பிள்ளையளின் விஷயம். அதுகள் போனில் அமெரிக்கக்காரரின் படங்களைப் பார்த்துப் பழகுதுகள். நல்லதுதான். ஆனால் இங்கிலாந்தில் நாங்கள் "ரெபிள்" எண்டு சொல்லுற பின்னலை அமெரிக்காவில் "டபிள் குறோசே" எண்டு சொல்லுவினம். அவை "ரெபிள்" எண்டு சொல்லுறது எங்கடை "டபிள் ரெபிள்", அதாவது ஒரு படி உயரமானது. எங்கடை கடுதாசி இங்கிலாந்து முறைப்படி எழுதினது. ஒரு பிள்ளை அதில் "ரெபிள்" எண்டதை வாசிச்சுப்போட்டு அமெரிக்க ரெபிளைப் பின்னினால் சுற்றுக்குச் சுற்று உயரம் கூடிக்கொண்டே போகும். பெரிசாய் வந்த சதுரங்கள் சிலது இப்படி வந்ததுதான். அந்தப் பிள்ளை வடிவாய்த்தான் பின்னியிருக்கு, சொல்லுத்தான் வேறை. இனிமேல் கடுதாசியில் பெயரோடு சேர்த்து "ஊசியில் ஒருதரம் நூல் சுற்றி" எண்டும் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது, சதுரம் கோணுவது. மேசையில் வைச்சால் காத்தாடி மாதிரி ஒரு பக்கம் திரும்பி நிற்கும். சுற்றுக்குச் சுற்று ஒரே திசையில் பின்னிக்கொண்டு போனால் தையல்கள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சரியும், அதுதான் காரணம். ஒவ்வொரு சுற்று முடியவும் சதுரத்தை மறுபக்கம் திருப்பிப்போட்டுப் பின்னினால், ஒரு சுற்றின் சரிவை அடுத்த சுற்று சரிக்கட்டும். ஆறு சுற்றுச் சதுரத்தில் இந்தக் கோணல் நல்லாய்த் தெரியும்.

இனி, இதுக்கெல்லாம் மருந்தாய் வெள்ளைக்காரப் பெண்கள் வைச்சிருக்கிற சாமானுக்கு "புளொக்கிங் போட்" எண்டு பெயர். ஒரு பலகை, அதில் துளைகள், துளைகளில் குத்தி நிறுத்திற கம்பிகள். சதுரத்தை ஈரமாக்கி, நாலு மூலையையும் நாலு கம்பியில் மாட்டிக் காயவிடுகிறது. மாடு கட்டுற முளை மாதிரிக் கம்பிகள் நிற்கிறதால் நாங்கள் இதுக்கு முளைப்பலகை எண்டு பெயர் வைச்சிருக்கிறம்.

பெயர்தான் புதிசு, வேலை புதிசில்லை. ஊரில் வானொலிப் பெட்டிக்கும் கதிரை முதுகுக்கும் பின்னின வெள்ளை நூல் விரிப்புகளை என்ன செய்தனாங்கள்? தோய்ச்சு, சோற்றுக் கஞ்சியில் நனைச்சு, தலையணையிலோ மெத்தையிலோ விரிச்சு, இதழுக்கு இதழ் இழுத்துக் குண்டூசி குத்தி வெயிலில் வைச்சனாங்கள். காய்ஞ்சால் அப்பளம் மாதிரி நிற்கும். அதேதான் இது. வித்தியாசம் ரெண்டு. இங்கை அந்த வெயில் இல்லை. மற்றது, அப்ப எங்களிடம் இருந்தது பருத்தி நூல், இப்ப எங்களிடம் இருக்கிறது அக்றிலிக்.

இந்த இரண்டாவது வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் மற்ற எல்லாப் பாடும் வீண். கம்பளியும் பருத்தியும் தண்ணியைக் குடிக்கிற நார்கள். ஈரத்தில் நாருக்குள் இருக்கிற பிடிப்புகள் தளரும், காயும்போது நாங்கள் பிடித்து வைத்த வடிவிலேயே திரும்ப இறுகும். அதனால் அவற்றுக்குத் தண்ணி போதும். திரும்பத் தோய்த்தால் பழைய வடிவுக்குப் போகப் பார்க்கும், அப்ப திரும்பவும் முளையில் போட வேணும். அக்றிலிக் அப்படியில்லை. அது தண்ணியைக் குடிக்காது. நனைச்சு மாட்டி ஒருநாள் முழுக்க வைச்சாலும், கழட்டினவுடன் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழையபடி சுருங்கும். அது சூட்டுக்குத்தான் இளகும். ஆவி பிடிச்சு, முளையில் வைச்சபடியே ஆறவிட்டால் அந்த வடிவம் நிற்கும், இயந்திரத்தில் தோய்த்தாலும் பெரும்பாலும் நிற்கும். மடிப்போர்வை அடிக்கடி தோய்க்கிற சாமான். அதனால் இந்த வேலைக்கு அக்றிலிக் எடுத்தது சரியான முடிவுதான். கம்பளிதான் உயர்த்தி எண்டு சொல்லுறவை, ஒவ்வொரு கிழமையும் அதைக் கையால் தோய்ச்சுக் காயப்போட வருவினமோ எண்டு யோசிக்க வேணும்.

ஆவி பிடிக்கிறது எண்டால் அயன் பெட்டியை மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் பிடிச்சுக்கொண்டு ஆவியை மட்டும் விடுகிறது. துணியில் தொடக்கூடாது. இதைத் திரும்பவும் சொல்லுறன், தொடக்கூடாது. அக்றிலிக்கில் சூடான இரும்பு பட்டால் நூல் தட்டையாகி, எண்ணெய் பூசின மாதிரி ஒரு மினுக்கம் வரும். பிறகு என்ன செய்தாலும் பழைய புசுபுசுப்பு வராது. இங்கத்தைய பின்னற்காரர் அதை "நூலைக் கொல்லுறது" எண்டே சொல்லுவினம். பிளாஸ்ரிக் தலை வைச்ச குண்டூசிகளும் வேண்டாம், உருகி நூலோடை ஒட்டிவிடும்.

நூலின் சீட்டுத் துலைஞ்சுபோச்சு, கம்பளியோ அக்றிலிக்கோ தெரியாது எண்டால், விரற்கடை நீளம் வெட்டி, சாமணத்தால் பிடிச்சு, சமையலறைத் தொட்டிக்கு மேலே வைச்சு நெருப்புக் காட்டுங்கோ. மயிர் பொசுங்கின மணம் வந்து, எரிஞ்ச இடம் விரலால் நசுக்கப் பொடியாய் உதிர்ந்தால் கம்பளி. உருகி, ஆறினபிறகு கறுப்பாய்க் கல்லுமாதிரி இறுகினால் அக்றிலிக். பேரப்பிள்ளையள் நிற்கேக்கை செய்யாதையுங்கோ.

பலகை கடையில் வாங்கலாம், ஆனால் விலைக்கேற்ற வேலை அதில் இல்லை. நாங்கள் மூன்று பலகை செய்திருக்கிறம், தச்சுவேலை தெரிந்த ஒரு ஐயா உதவினவர். 18 மில்லிமீற்றர் தடிப்பமான ஒட்டுப்பலகை, 25 சென்ரிமீற்றர் சதுரமாய் வெட்டினது. மூலைக்கு மூலை ரெண்டு கோடு கீறினால் நடு தெரியும். 15 சென்ரிமீற்றர்ச் சதுரத்துக்கு முளையையும் 15இலேயே வைக்கலாம் எண்டுதான் யாரும் நினைப்பினம். அங்கைதான் விஷயம் இருக்கு. முளை நிற்கிறது மூலையில் இருக்கிற சங்கிலி ஓட்டைக்குள்ளே. முளைக்கு வெளியாலும் நூலின் தடிப்பம் இருக்கு. ஆகவே முளைக்கும் முளைக்கும் இடையில் 14½ விட்டால், விளிம்பிலிருந்து விளிம்புக்கு 15 வரும். வேறை அளவுகளும் வேணுமெண்டால் அந்த ரெண்டு கோட்டின் வழியே இன்னும் துளைகள் போடலாம். எங்களுக்கு இந்த ஒரு அளவு போதும், அதனால் நாலே நாலு துளை.

துளை பலகையை ஊடறுத்துப் போகக்கூடாது. 12 மில்லிமீற்றர் ஆழம் போதும். துளைக்கிற கம்பியில் அந்த அளவில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டால், ரேப் பலகையைத் தொடும்போது நிற்பாட்டலாம். செங்குத்தாய்த் துளைக்க வேணும். சரிஞ்சால் அடியில் 15, உச்சியில் 15½ எண்டு வரும். பிறகு நல்ல வாணிஷ் ரெண்டு பூச்சு. பூசாத பலகையின் சாயம் ஈர நூலில் இறங்கும், ஓக் பலகை எண்டால் சொல்லத் தேவையில்லை. முளைக்கு ரெண்டு பக்கமும் கூரான 3 மில்லிமீற்றர்ப் பின்னல் ஊசிகள், துருப்பிடிக்காதவை. மேல்முனையில் பழைய பென்சில் அழிறப்பர் ஒரு துண்டு குத்திவிடுங்கோ. குனிஞ்சு பார்க்கேக்கை கண்ணுக்குள்ளே போகாது.

ஒரு பலகையில் எட்டுப் பத்துச் சதுரம் ஒன்றுக்கு மேல் ஒன்றாய் மாட்டலாம். அக்றிலிக்குக்கு அப்படிச் செய்யாதையுங்கோ, அடியில் இருக்கிறதுக்கு ஆவி போய்ச் சேராது. இரண்டு, கூடினால் மூன்று. கம்பளிச் சதுரம் எண்டால் நனைச்சு, துவாயில் உருட்டி மிதிச்சுத் தண்ணியை எடுத்துப்போட்டு ஐந்தாறு மாட்டலாம். காய ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். அவசரத்துக்கு ஹீற்றருக்கு மேலே வைக்கிற வேலை வேண்டாம், பலகை வளைஞ்சுபோம். ஈரக் கசிவு உள்ள வீட்டில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ. சுவர் ஏற்கெனவே கறுத்திருக்கும், அதுக்கு நாங்களும் உதவி செய்யத் தேவையில்லை. சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பின்னினதை நனைக்க முதல், ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை அழுத்திப் பாருங்கோ. சாயம் ஒட்டினால் அந்தச் சதுரத்தை நனைக்காதையுங்கோ.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். முளைப்பலகை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

சின்னனை இழுத்துப் பெரிசாக்கும், அதுவும் ஒரு அளவுக்குத்தான். 15க்கு அரை சென்ரிமீற்றர் குறைஞ்சால் சிரமமில்லை. 13ஐ 15க்கு இழுத்தால் ஓட்டைகள் வாயைப் பிளக்கும், விளிம்பு உள்வாங்கி அரைநிலா மாதிரி வளையும், நூல் பாவம். பெரிசைச் சின்னனாக்க முளைக்குத் தெரியாது. 16 சென்ரிமீற்றர்ச் சதுரத்தை 15 முளையில் மாட்டினால் நடுவில் தொப்பை வைக்கும். விட்டுப்போன தையலையும் அது கொண்டுவராது. ஒரு பக்கத்தில் 21 தையலும் எதிர்ப்பக்கத்தில் 18உம் இருந்தால், பலகையில் சரியாய்த் தெரியும். பொருத்தேக்கைதான் குட்டு வெளிக்கும்.

அதனால் பலகைக்குப் போக முதல் இன்னொரு வேலை செய்ய வேணும். எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் ஒரு கரைச்சுற்றுப் போடுவம். கரையை இங்கை இருந்து ரெண்டு மூன்று பேர் மட்டும் போடட்டும். 13½, 14 எண்டு வந்ததுக்கு "டபிள் குறோசே"க் கரை. அது பக்கத்துக்கு அரை சென்ரிமீற்றர் அளவில் கூட்டும், மொத்தம் ஒன்று. 13க்கு "ஹாவ் ரெபிள்" கரை. அது கொஞ்சம் உயரம், மொத்தம் ஒன்றரைக்கு மேலே கூட்டி 14½ஐத் தாண்டும். மிச்சத்தை முளை பார்க்கும். ரெண்டு கரையிலும் தையல் எண்ணிக்கை ஒன்றுதான், ஆகவே பொருத்தேக்கை தையலுக்குத் தையல் சேரும். 12½ஐயும் ஹாவ் ரெபிளோடு ஒப்பேற்றலாம், ஆனால் அதைப் போர்வையின் நடுவில் வையுங்கோ, நாலு பக்கமும் பிடிச்சிருக்கும். 15க்கும் 16க்கும் மட்டும் வேறை வழியில்லை. கடைசி ரெண்டு சுற்றைப் பிரிச்சு, 3½ ஊசியால் திரும்பப் பின்ன வேணும். அதையும் பின்னினவரிடமே குடுங்கோ. வேறை ஆள் பின்னினால் ஒரே சதுரத்தில் ரெண்டு கை தெரியும்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் 57இல் எறிய வேண்டியது ஒன்றும் இல்லை. பிரிச்சுப் பின்ன வேண்டியது ஆறு. அந்த அம்மாவின் ஒன்பதுக்கும் நான் ஹாவ் ரெபிள் கரை போட்டு, மூன்று மூன்றாய் மாட்டி ஆவி பிடிச்சன். இதோ மேசையில் இருக்கு, கையில் எடுத்துப் பாருங்கோ. நாலு மூலையும் நிமிர்ந்து நிற்கிறது இந்த ஒன்பதும்தான். இறுக்கிப் பின்னினதுக்கு அந்தக் குணம் உண்டு. வெளி மூலைகளிலும் ஓரங்களிலும் இதுகளைத்தான் வைக்க வேணும், இழுபடாது. இளகின கை பின்னினது நடுவுக்கு நல்லது, முழங்காலில் பணிஞ்சு கிடக்கும்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுறன், தலைப்புக்கு வெளியே போறன் எண்டு நினைக்காதையுங்கோ. பல வீட்டுக் கை சேர்ந்து ஒரு துணியாகிறது இந்த நாட்டுப் பக்கத்தில் புதினமில்லை. அயர்லாந்தில் 1845 தொடக்கம் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிஞ்சு பெரும் பஞ்சம் வந்தது. சனம் செத்தது, கப்பலேறினது. அந்தக் காலத்தில் கோர்க் நகரத்துக் கன்னியாஸ்திரிமார் பெண்களுக்குக் குறோசே ரேந்தை பழக்கினார்கள். குளோனிஸ் எண்ட ஊரில் 1847இல் கசான்ட்றா ஹான்ட் எண்ட ஒரு பாதிரியாரின் மனைவி அந்த வேலையைத் தொடக்கிவைச்சா. பூவை ஒரு வீடு பின்னும், இலையை இன்னொரு வீடு பின்னும். அதுகளை ஒரு துணியில் கீறின படத்தின் மேல் முகங்குப்புற வைச்சு நூலோடி, இடைவெளியைப் பின்னி நிரப்பி ஒரு கழுத்துப்பட்டியாக்குவினம். சின்னப் பூ சின்ன இடத்துக்கு, பெரிய பூ பெரிய இடத்துக்கு. அந்த ரேந்தை வித்த காசில் அடுப்பெரிஞ்ச வீடுகள் கனக்க. வேலை வேணும் எண்டு வந்த கையைத் திருப்பி அனுப்புற வசதி அவைக்கு இருக்கேல்லை.

நாங்கள் பின்னுற இந்தச் சதுரத்தின் செய்முறை 1885இலேயே ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. மிஞ்சின நூற் துண்டுகளைச் சேர்த்துப் பின்னத்தான் அது பேர்போனது. எனவே நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துவரேல்லை எண்டு சண்டை பிடிக்கிறவை தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. கரை ஒரே நிறமாய் வந்தால் உள்ளுக்கு இருக்கிற எல்லாம் சேரும். கரைக்குக் கடும் நீலம் எடுத்திருக்கிறம், ஊத்தையும் தெரியாது.

பலகை வீட்டில் இல்லாதவர்கள் அதுக்காகக் கவலைப்பட வேண்டாம். பிள்ளையள் விளையாடுற, ஒன்றோடு ஒன்று பொருத்துற றப்பர்ப் பாய்த் துண்டு இருக்குமே, அதில் கட்டம் போட்ட சீலைத் துண்டை விரிச்சு, துருப்பிடிக்காத ஊசி குத்தினால் கம்பளிக்கும் பருத்திக்கும் காணும். கட்டத்தை எண்ணினாலே அளவு வந்துவிடும். ஆனால் அந்தப் பாயின் மேல் ஆவி பிடிக்கிறது நல்லதில்லை, சில பாய்கள் சூட்டில் நெளியும். அக்றிலிக் சதுரங்களை இங்கை கொண்டுவாருங்கோ.

மூன்று பலகையில் ஒன்று எப்பவும் ஹோலில் இருக்கும், அயன் பெட்டியும் இருக்கும். மற்ற ரெண்டையும் கிழமைக்கு ஒராளாய்க் கொண்டுபோகலாம். கொண்டுபோறவை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கொப்பியில் பெயரை எழுதுங்கோ, முளை நாலையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவாருங்கோ. சதுரம் தரேக்கை, பின்பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டில் உங்கள் பெயர், ஊசியின் அளவு, நூல் கம்பளியோ அக்றிலிக்கோ எண்டு எழுதிக் குத்திவிடுங்கோ. அளவை எழுத வேண்டாம், அதை நாங்கள் அளப்பம். அந்த அம்மாவின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் இன்னும் ரெண்டு பேரும் போறம். அடுத்த போர்வைக்கு மூலைச் சதுரங்கள் நாலு தேவை, அதைக் கேட்கத்தான். ஆரும் கூட வாறதெண்டால் காரில் ஒரு இடம் இருக்கு.